ஆறாவதாக வந்த சித்தப்பா

என் சித்தப்பா ஒரு காலத்தில் பைக் ரேஸ் ஓட்டினார் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஜெயித்தாரா? அதற்கு என்னிடம் ஒரு வார்த்தையில் பதில் இல்லை. ஜெயித்தார் என்றால் எந்த ரேஸில் என்பார்கள். அதைச் சொல்லப் போனால், எங்கள் குடும்பம் மொத்தமும் வேன் வைத்துக்கொண்டு போய் அசடு வழிந்துவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நைனா இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். சித்தப்பா அவருடைய ஒரே தம்பி. எங்களுடனேயே இருந்துகொண்டு, வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனார். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது நைனாதான். அதனால் சித்தப்பா அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டார். நைனா சொல்லை மறுத்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பிற்பாடு யோசித்தால், அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று தோன்றுகிறது.

நைனா இளவட்டமாக இருந்தபோது ஆரம்பாக்கத்தில் கபடி ஆடியவர். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டும் கபடிதான். கிரிக்கெட் என்பது கபடியில் இடம் கிடைக்காதவர்கள் ஆடுவது. அவர் ஆடிய போட்டிகள் எல்லாம் ஒரு ஆட்டம் தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் ரகம். அதில் அவர்களுக்கு ஒரு முறையும் இருந்தது. தோற்ற ஊர்க்காரர்கள் ஜெயித்தவர்களிடம் போய்க் கை கொடுத்துவிட வேண்டும். பரிசு கொடுக்கும்போது அங்கே நிற்கக் கூடாது. அடுத்தவன் கப்பு வாங்குவதை வாய் பார்த்துக்கொண்டு நிற்பது நம் பையன்களுக்குத்தான் அவமானம் என்பார். இதை நைனா வேதம் போலக் கடைப்பிடித்தார்.

சித்தப்பாவை ரேஸில் இறக்கியவர் மீஞ்சூரில் பைக் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர். ரேஸ் வண்டியும் அவருடையதுதான். ரேஸ் இருக்கும் வாரங்களில் இரண்டு பேரும் வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். சில சமயம் கோயம்புத்தூர் வரைக்கும். முதல் தடவை போய்விட்டு வந்த சித்தப்பா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூன்றாவதாக வந்தேன் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நைனா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்றார். அம்மா பாவப்பட்டு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

ஒரு வருடத்தில் பல ரேஸ்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் வருகிற இடத்துக்கு ஏற்பப் புள்ளி போடுவார்கள், வருடக் கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்தான் சாம்பியன் என்பதைச் சித்தப்பா ஒருநாள் நைனாவுக்கு விளக்கப் பார்த்தார். தட்டில் வேர்க்கடலையைக் கொட்டி, முதலாவதாக வந்தவனுக்கு இத்தனை, இரண்டாமவனுக்கு இத்தனை என்று கூறு கட்டினார். நைனா அடுத்தவன் கூறிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே கேட்டார். கடைசியில் கையைத் தட்டிவிட்டு, "பாயிண்ட்டு இன்னா ரேஷன் அரிசியா, சேத்து வெச்சிக்கினு வாங்கறதுக்கு? ஃபர்ஸ்ட்டா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றார். சித்தப்பா சிரித்துவிட்டு மிச்சக் கடலையை என் கையில் கொட்டினார். அதற்குப் பிறகு அவர் விளக்கவே இல்லை.

அந்த வருடம் முழுக்க அவர் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, மறுபடி இரண்டாவது என்றுதான் வந்தார். முதலாவதாக ஒருமுறைகூட வரவில்லை. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் இருந்தான். ஓடினால் முதலாவது, இல்லாவிட்டால் மண்ணில். பாதி ரேஸ்களில் கப்பு வாங்கினான், மீதிப் பாதியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சித்தப்பா சொல்லச் சொல்லக் கேட்டு நைனாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவனல்லவா ஆம்பளை என்று எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அடிக்கடி சொல்வார். ஒருமுறைகூட விழாமல் ஒவ்வொரு ரேஸையும் முடித்துக்கொண்டு வந்த தம்பி, அதைக் கேட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார்.

கடைசி ரேஸுக்கு முந்தின வாரம் சித்தப்பா கொஞ்சம் தயங்கித் தயங்கி, இந்த முறை எல்லாரும் வர வேண்டும் என்று நைனாவைக் கேட்டார். சாம்பியன் ஆனால் பெரிய கம்பெனி ஒன்று தன் டீமில் எடுத்துக்கொள்ளும், வண்டியும் சம்பளமும் அவர்களே தருவார்கள் என்றார். நைனா காதில் விழுந்தது, இந்த ரேஸில் ஜெயித்தால் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும்தான். அவர் காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக எதையும் செய்ய மாட்டார். ஆலைக்கு ஆள் ஏற்றும் ஷிப்ட் வேனைப் பேசினார். மீஞ்சூரிலிருந்து அத்தையை வரவழைத்தார். போதாததற்கு, முதல் பரிசு வென்ற எங்கள் சிங்கமே என்று ஒரு ஃபிளெக்ஸும் அடித்துச் சுருட்டி வேன் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். கடைக்காரரிடம் சிங்கம் இல்லையோ என்னவோ, சித்தப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு புலி இருந்தது.

அன்றைக்கு விடியற்காலையிலேயே மழை பெய்து விட்டிருந்தது. நாங்கள் போய் உட்கார்ந்தபோது தார்ச்சாலை கறுப்பாக மினுமினுத்தது. அத்தை புளிசாதத்தைப் பிரிப்பதற்குள் ரேஸ் ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். முதல் சுற்றில் சித்தப்பா இரண்டாவதாக வந்தார். கோயம்புத்தூர்ப் பையனுக்கு அடுத்தபடி. நைனா பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டார். அடுத்த சுற்றில் ஒருவன் சித்தப்பாவைத் தாண்டினான். அதற்கடுத்து இன்னொருவன். ஒவ்வொருவராகத் தாண்டிப் போகப் போக நைனா பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். வழி விடுகிறானே, வழி விடுகிறானே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன். முடிவில் கோயம்புத்தூர்ப் பையன் முதலாவது. சித்தப்பா ஆறாவது.

இன்று எனக்குத் தெரியும். அத்தனை ரேஸ்களின் புள்ளிகளையும் கூட்டினால், அன்றைக்குச் சித்தப்பா ஆறாவதாக வந்தாலே போதும், வருடம் அவருடையது. விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஓரத்தில் நின்ற மெக்கானிக் சுற்றுக்குச் சுற்று பலகை காட்டி, மெதுவாக, மெதுவாக என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறார். நனைந்த சாலையில் அதற்கு முன் இரண்டு பேர் சறுக்கிப் போயிருந்தார்கள். வேகமாகப் போகத் தெரிந்தவர், அண்ணன் முதன்முதலாக வந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாளில், ஒவ்வொருவனுக்கும் வழி விட்டுக்கொண்டே போவதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும். நாங்களோ இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தோம்.

நைனா எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, முறைப்படி கோயம்புத்தூர்ப் பையனின் அப்பாவைத் தேடிப் போய்க் கை கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். அந்த மனிதர் நைனாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உங்கள் தம்பிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள், வருசம் பூராவும் அருமையாக ஓட்டினார் என்றார். திரும்பி வரும்போது நைனாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஜெயித்தவன் வீட்டு மனிதர் தோற்றவன் வீட்டுக்கு இப்படி ஆறுதல் சொல்கிறார், எவ்வளவு பெரிய மனசு பார் என்றார்.

ரேஸ் முடிந்ததும் வண்டிகளைப் பரிசோதனைக்காக ஒரு வேலிக்குள் வைத்துவிடுவார்கள். ஓட்டியவர்களும் அங்கேயே இருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். உள்ளங்கையைக் கீழே பார்த்து, விரல்களை மடக்கி மடக்கி. வா என்பதற்கு நாம் அப்படித்தான் ஆட்டுவோம். தூரத்திலிருந்து பார்த்தால் போ என்பது போலவும் இருக்கும். நைனா தலையை ஆட்டினார். "போவ சொல்றான் பாரு. கூச்சமா கீது அவனுக்கு. ஏறுங்க எல்லாரும்" என்றார். நாங்கள் ஏறினோம். வேன் திரும்பும்போது, மேடையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். சித்தப்பா இன்னமும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நானும் பதிலுக்கு டாட்டா காட்டினேன்.

வழி முழுக்க நைனா எங்களுக்குப் பாடம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் யாரும் அவனிடம் ரேஸைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று கேட்கக் கூடாது. எப்போதும் போல இருக்க வேண்டும். ஃபிளெக்ஸ் பீரோவுக்குப் பின்னால் போயிற்று. அம்மா மடவை மீன் குழம்பு வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா வந்தார். மழைக் கோட்டில் சுற்றி எதையோ இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தவர், அதை மெதுவாகப் பிரித்து டிவி பக்கத்தில் வைத்தார். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கப்பு. நாங்கள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அத்தை மீஞ்சூரில் தண்ணீர் சரியாக வராததைப் பற்றிச் சொன்னாள். அம்மா குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டது என்றாள். நான் கப்பைப் பார்த்து வாயைத் திறக்கப் போக, அத்தை தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று அவர் காத்திருந்தது இப்போதுதான் புரிகிறது.

கடைசியில் அவரே நைனாவின் பக்கத்தில் போனார். "அண்ணா, நான் சாம்பியன்ணா" என்றார்.

நைனா சட்டென்று எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். தம்பியைக் கட்டிக்கொள்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. முதுகில் தட்டிக் கொடுத்தார். குரல் உடைந்து, "எங்களுக்கு நீ என்னிக்குமே சாம்பியன்தான்டா. மனச உட்டுடாத" என்றார்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நைனாவின் தோளுக்கு மேலே சித்தப்பாவின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் அது விளங்காமல் பார்த்தது. பிறகு விளங்கிக்கொண்டது. இல்லை அண்ணா, நீதான் தப்பாகப் புரிந்துகொண்டாய், நீ பாதியில் கிளம்பி வந்ததும் தப்பு என்று எல்லார் எதிரிலும் அண்ணனிடம் எப்படிச் சொல்வார்? சாப்பிடலாம்ணா, பசிக்கிறது என்று மட்டும் சொன்னார். இலை போடும்போது, இந்தக் கப்பு கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுத்திருப்பார்கள் என்று நைனா அத்தையிடம் தணிந்த குரலில் விளக்கினார். அம்மா ரொம்ப நாளைக்கு அதில் குடைகளைச் சொருகி வைத்திருந்தாள்.

அடுத்த மாதமே பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்து சித்தப்பாவை டீமில் எடுத்துக்கொண்டார்கள். ஆறாவதாக வந்தவனை எப்படி எடுத்தார்கள் என்று எங்கள் வரிசையில் பலரும் கேட்டார்கள். பையன் குணத்துக்குக் கிடைத்தது, எல்லாருக்கும் வழி விட்டானே, அதைப் பார்த்திருப்பார்கள் என்று நைனா பெருமையாகவே சொன்னார். சித்தப்பா அப்போதும் அங்கேதான் இருந்தார். ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

புது வருடத்தின் முதல் ரேஸுக்கு நாங்கள் போகவில்லை. நாம் போனால் ராசியில்லை என்று நைனா தடுத்துவிட்டார். மத்தியானம் போன் வந்தது. போனைக் காதில் வைத்த நைனா, ஃபர்ஸ்ட்டா, ஃபர்ஸ்ட்டா என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் நடந்ததை எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஃபிளெக்ஸ் வெளியே வந்து, கும்மிடிப்பூண்டி பஜாரில் புலியோடு ஏறியது. ஆலையில் வேலை செய்யும் பாதிப் பேருக்கு நைனா பிரியாணி போட்டார். பத்தாயிரம் வாலா சரம் வெடித்துத் தெருவே புகையாயிற்று. சித்தப்பா கம்பெனி வேனிலிருந்து இறங்கியபோது, அவருக்கு மாலை போட்டு நைனா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார். அத்தனை வருடத்தில் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைச் சித்தப்பா பார்த்திருக்க மாட்டார். மேலே உட்கார்ந்திருந்த அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புகை என்று நான் நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தை மறுபடி பார்க்கும் ஆசைதான் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த ரேஸில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர், முன்னால் போன இருவரையும் ஒரே வளைவில் தாண்டப் பார்த்து விழுந்தார். சிராய்ப்போடு போயிற்று. அதற்கும் அடுத்ததில் விழுந்தபோது, பின்னால் வந்த வண்டி அவர் காலின் மேல் ஏறியது. பூந்தமல்லி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அத்துடன் அவர் ரேஸ் முடிந்தது. கம்பெனி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு பையனை எடுத்துக்கொண்டது. சித்தப்பா பழைய ஷிப்ட் வேலைக்கே திரும்பினார்; மாடிப்படி ஏறும்போது அந்தக் காலை இன்றைக்கும் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கிறார். அது பிற்பாடு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அதெல்லாம் தெரியாமல், வார்டுக்கு வெளியே பெஞ்சில் நைனாவும் மீஞ்சூர் மெக்கானிக்கும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நைனா மடியில் சாய்ந்திருந்தேன்.

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு புலம்பினார். "நாலாவதா வந்திருந்தாலே போதும்ணா இன்னிக்கி. அத்த தாண்டிக்கினு போவணும்னு இன்னா அவசியம்? போன வருசம் ஆறாவதா வந்து சாம்பியன் ஆனவன் அவன். அவனுக்கு நான் சொல்லணுமா?"

நைனா அவரைத் திரும்பிப் பார்த்தார். யார் சாம்பியன் என்று கேட்டார். மெக்கானிக் முதலில் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது. அப்புறம் நைனா முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்: புள்ளிகள், பலகை, அந்த ஆறாவது இடம், மேடையில் கடைசியாகச் சித்தப்பா பெயரைக் கூப்பிட்டது, கப்பை வாங்கியவர் கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டே இருந்தது. நைனா ஒரு கேள்வியும் கேட்காமல் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் என்னை மடியிலிருந்து தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சித்தப்பாவின் காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும், படுத்திருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். நைனா அவர் மார்பில் கை வைத்து அழுத்தினார்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

சித்தப்பா மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தபடி, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், "சொன்னன்ணா" என்றார்.

நைனா விறுவிறுவென்று வெளியே வந்து, வராந்தா கடைசியில் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள்கள் குலுங்கின. நைனா அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. தம்பிக்குக் கால் உடைந்ததற்கு அழலாம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் வாய்க்குள்ளேயே ஆறாவது, ஆறாவது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் லுங்கியைப் பிடித்து இழுத்து, அழாதே நைனா, சித்தப்பாதான் அதற்கப்புறம் ஃபர்ஸ்ட் வந்துவிட்டாரே என்று சமாதானம் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் ஏன் இன்னும் அதிகமாக அழுதார் என்று அப்போது எனக்கு விளங்கவே இல்லை.